மலையும் மணலும் ஒரே நாளில்: ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு

வளைகுடாவில் வேலை முடித்தோ லீவிலோ கல்குடாப் பக்கம் வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



கல்குடா, பாசிக்குடா, பேத்தாழை, வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான் என்று எந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் கூடினாலும் இப்போது ஒரே பேச்சாக இருக்கிறது. குவாட் வண்டிகளை இறக்கிக் கல்குடா மணலில் ஓட விடுவது. காலையில் ஆட்களை ஜீப்பில் ஏற்றிக் குடும்பிமலைக்குக் கொண்டுபோவது. பொழுதுபட்டதும் கடற்கரையில் தீ மூட்டிச் சாப்பாடு போடுவது. டுபாயில் விற்கிறார்களே, ‘மலையும் பாலைவனமும் ஒரே நாளில்’ என்று, அதே சாமானை இங்கே நாங்கள் விற்றால் என்ன என்பதுதான் கதை. பாசிக்குடா விடுதிகளில் வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் நிறைந்து கிடக்கிறார்கள், அவர்களுடைய காசில் ஒரு பங்காவது மதிலைத் தாண்டி ஊருக்குள் வரவேண்டாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. உங்கள் யோசனையில் மலைப் பாதி எனக்குப் பெரிய சந்தோசம். மணல் பாதியை அப்படியே கைவிடச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அவரவரைக் கண்டு பேசலாம்தான். ஆனால் இது ஊர் முழுவதும் பேசவேண்டிய விடயம், அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் அந்த வேலை செய்தவன். ஷார்ஜாவில் ஒரு கம்பனிக்கு லாண்ட் குரூஸர் ஓட்டி, கடன் அடைத்து, தங்கச்சியைக் கரைசேர்த்து, வீட்டுக்குக் கூரை போட்டவன். அந்தப் பாலைவனத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எனக்குச் சோறு போட்ட மண் அது. அங்கே அந்த ஒருநாள் பயணம் எப்படி நடக்கிறது என்பது உங்களில் பலருக்கு ஆட்களாகப் போன வகையில் தெரியும். ஓட்டிய வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஷார்ஜாவிலிருந்து கிழக்கே விட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் மலைஹா வந்துவிடும். செம்மணலுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு பாறைமலை இருக்கிறது, ஃபொசில் ரொக் என்பார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லோடு கல்லாகச் சிப்பிகள் ஒட்டிக் கிடக்கும். டைனோசர்கள் உலாவிய காலத்தில் அந்த இடம் கடலுக்கடியில் இருந்தது. அதற்கப்பால் ஹஜர் மலைத்தொடர் தொடங்கும். புல்பூண்டு இல்லாத கருங்கபில மலைகள். அந்தத் தொடரின் பெரும்பகுதியும் ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்த பாறைதான். நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதியபோது கடலின் அடித்தளமே நிலத்துக்கு மேல் ஏறிவிட்டது. ஓமான் பக்கமும் எமிரேட்ஸ் பக்கமும் உலகத்துப் புவியியலாளர்கள் வந்து குந்தியிருப்பது அதைப் பார்க்கத்தான். வடக்கே ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜெய்ஸ் 1,900 மீற்றர் அளவு உயரம். 2018இல் அங்கே 2,831 மீற்றர் நீளத்துக்குக் கம்பி கட்டி மனிதரைத் தொங்கவிட்டு அனுப்பத் தொடங்கினார்கள். உலகத்திலேயே நீளமானது என்று கின்னஸில் பதிந்தது அது.

காலையில் மலை, மத்தியானம் கழிந்து மணல். ஷார்ஜாவின் அல் பதாயர் பக்கம் பெரிய சிவப்பு மேடு ஒன்று உண்டு, அதை எல்லோரும் பிக் ரெட் என்பார்கள். மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, நாலு ரயரிலும் காற்றைத் திறந்துவிட வேண்டும். றோட்டில் 35 பீஎஸ்ஐ இருந்தால் மணலுக்கு 15 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். காற்றுப் போகப் போக ரயர் வயிறு தளர்ந்து மணலில் அகலப் படுக்கும். அப்போதுதான் வண்டி புதையாமல் மேலால் போகும். மேட்டில் நேரே ஏறி நேரே இறங்க வேண்டும். பாதிச் சரிவில் குறுக்கே திருப்பினால் உருண்டுபோகும். உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் கூண்டு அடித்திருக்கும். ஓட்டுபவனுக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும், முதலுதவி தெரிந்திருக்க வேண்டும், தனி வண்டியாகப் போகக்கூடாது.

இவ்வளவையும் நான் விபரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே போய்வருகிறவர்கள் கொண்டுவரும் வீடியோவில் மணல் பறப்பதும் ஆட்கள் கத்துவதும்தான் இருக்கும். ரயருக்குக் காற்றுப் போக்குவது இருக்காது. நீங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டியது அந்த இரண்டாவது விடயத்தைத்தான். முதலாவதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பாலைவன மணல் மேடு காற்றின் பிள்ளை. இன்றைக்கு இருபது வண்டி ஏறி இறங்கிக் கிழித்தாலும் இரவுக் காற்று வந்து பெரும்பாலும் தடத்தை அழித்துவிடும். எமிரேட்ஸில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அப்படி இருந்தும் அவர்கள் சும்மா விடவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டுபாய் 225 சதுர கிலோமீற்றர் பாலைநிலத்தைச் சுற்றி வேலி போட்டுக் காப்பிடமாக்கியது. டுபாயின் நிலப்பரப்பில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. காட்டில் அற்றுப்போயிருந்த வெள்ளை ஓரிக்ஸ் மான்களை அங்கே கொண்டுவந்து விட்டுப் பெருகவைத்தார்கள். உள்ளே வண்டி போகலாம் என்றால் அதற்கென்று ஒதுக்கிய பகுதியில், அனுமதி பெற்ற ஒரு சில கம்பனிகள் மட்டும். மணலே செல்வமாகக் கொட்டிக் கிடக்கும் நாடு, மணலில் சக்கரம் எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்று கோடு கிழித்துவைத்திருக்கிறது.

எங்களுக்கு இருப்பது கரையோரம் ஒரு கீலம் மணல். அதைப் பிடித்துவைத்திருப்பது காற்றில்லை, செடி. கல்குடாவில் விடுதிகளுக்கென்று ஒதுக்கிய பக்கத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்துப் போய்க் குந்திப் பாருங்கள். அடம்பன் கொடி மணலில் ஓடிக் கிடக்கும். ஒரு கொடியைப் பிடித்து மெல்லத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருப்பது தெரியும். ஊதாப் பூ மேலே, வேர் கீழே. காற்றில் வரும் மணல் அந்த இலைகளில் தட்டி அங்கேயே விழும். விழுந்த மணலுக்கு மேல் கொடி இன்னும் ஒரு முழம் ஏறும். அதற்குப் பின்னால் ராவணன்மீசைப் புல், அதற்கும் பின்னால் தாழை. இப்படி வருசக்கணக்காக மணலைச் சேர்த்துச் சேர்த்துத்தான் எங்கள் கரையில் மேடு எழும்பியிருக்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

குவாட் வண்டியின் ரயர் பூப்போட்டது, கரடுமுரடானது. அது ஒருதரம் திரும்பினால் கொடி அறும். நாலுதரம் போன தடத்தில் கொடி காயும். காய்ந்த இடத்தில் மணல் வெறுமையாகும், அந்த வாயிலிருந்துதான் காற்று மேட்டைத் தோண்டத் தொடங்கும். வாடைக்காலத்தில் கடல் எழும்பி வந்து மிச்சத்தை வாரிக்கொண்டு போகும். பாசிக்குடாவுக்கு வெளியே முருகைக்கல் பார் இருக்கிறது, அலை அதில் முறிந்துவிடும், அதனால்தான் அங்கே சின்னப் பிள்ளைகளும் நெடுந்தூரம் நடந்து குளிக்கலாம். கல்குடாப் பக்கம் திறந்த கடல். இங்கே ஊருக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பது இந்த மணல்தான்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது யாலவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கரையில் மணல் மேடு உயரமாக நின்ற இடங்களில் கடல் பெரும்பாலும் தடைப்பட்டு நின்றது. ஒரு விடுதிக்காரர் மட்டும், தங்கியிருப்பவர்களுக்குக் கடல் தெரியவேண்டும் என்று முன்னால் நின்ற மேட்டில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார். அந்த விடுதி முழுவதுமாக அழிந்தது. அழிவைப் பார்க்க வந்த ஆராய்ச்சியாளர்கள் அடுத்த வருசமே இதை எழுதிவைத்துவிட்டார்கள். அதே நாள் கல்குடாவிலும் கடல் வந்தது. யார் யார் போனார்கள் என்று உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். உங்களில் இருபதைத் தாண்டாதவர்கள் அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவர்கள், அதனால்தான் இதை விரித்து எழுதினேன்.

சட்டமும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடல் ஏறும் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் அனுமதி எடுக்க வேண்டும். கடலாமைகள் ஐந்து இனம் இலங்கைக் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன, ஐந்துமே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. இரவில் மேலேறி மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கீழே முட்டை இருப்பது தெரியாது. ஆனால் நான் சட்டத்தை முன்வைத்து உங்களைத் தடுக்க வரவில்லை. சட்டத்துக்குத் தப்பி ஓட்டலாம், அப்படி ஓட்டுகிறவர்களும் உண்டு. கரைந்துபோன மேட்டை எந்தக் கந்தோரிலும் போய்த் திரும்ப வாங்க முடியாது.

இனி மலைக்கு வருவோம். இதைப்பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம்.

குடும்பிமலை 534 மீற்றர். ஜெபல் ஜெய்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதுதான். ஆனால் சுற்றிலும் சமதரை, வயல், குளம், பற்றைக்காடு. நடுவில் ஒற்றையாக எழும்பி நிற்பதால் நெடுந்தூரத்துக்கே தெரியும். பிரித்தானியர் வரைந்த படங்களில் பாரன்ஸ் கப் என்றும், சிங்களத்தில் தொப்பிகல என்றும் பெயர். மேலே ஏறினால் மேற்கே மாதுறு ஓயாக் காடு விரிந்து கிடக்கும். கிழக்கே பார்த்தால் படுவான்கரை வயல்களும் குளங்களும், வானம் தெளிந்த விடியலில் அதற்கும் அப்பால் கடலும்.

அந்த மலையும் எங்கள் மணலும் வேறுவேறு என்று நினைக்காதீர்கள். மாதுறு ஓயா 135 கிலோமீற்றர் ஓடி வந்து கல்குடாவுக்குப் பக்கத்தில்தான் கடலோடு சேர்கிறது. கிழக்குக்கரை மணலில் பெரும்பங்கு உள்நாட்டுப் பாறைகள் உடைந்து, தேய்ந்து, ஆறுகளோடு வந்து சேர்ந்ததுதான். இலங்கையின் கிழக்குப் பாறைகள் மிகப் பழையவை. ஹஜர் மலையின் கடலடிப் பாறைக்குப் பத்துக் கோடி வருசம்கூடச் சரியாக ஆகவில்லை. எங்களுடையது அதைவிடப் பல மடங்கு வயதானது. வெள்ளைக்காரரைக் கூட்டிப்போகும்போது முதலில் மலைப்பாறையைத் தொடவைத்துவிட்டு, பின்னேரம் கல்குடாவில் மணலைக் கையில் அள்ளிக் கொடுங்கள். அந்த மணலில் மினுங்கும் பளிங்குத்துண்டு எங்கிருந்து புறப்பட்டு எந்த வழியாக வந்தது என்று அப்போது நீங்கள் அவர்களுக்குச் சொல்லலாம். ஒருநாள் பயணத்துக்கு இதைவிட நல்ல கதை டுபாயிலும் இல்லை. அதே கதையைச் சொல்லிவிட்டு ஆற்றில் மணல் அள்ளி லொறியில் ஏற்றுவதைப் பார்த்தும் பாராமல் இருக்க உங்களுக்கு மனம் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

போகும் வழி உங்களுக்குத் தெரியும். பிரதான வீதியில் கிரானுக்கு வந்து மேற்கே திரும்பி, புலிபாய்ந்தகல்லால் போகவேண்டும். மாரியில் அந்த வீதி தண்ணீருக்குள் போய்விடும். வருசாவருசம் அந்தப் பக்கத்துச் சனம் உழவு இயந்திரத்திலும் தோணியிலும் கடந்து வருகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமுடியாமல் நிற்கிறார்கள். நீங்கள் தொடங்கப்போகும் தொழிலுக்கு அந்த வீதி வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு அது சீவியத்துக்கே வேண்டும். உங்கள் சங்கம் பதிவானதும் எழுதும் முதல் கடிதம் அந்த வீதிக்காக இருக்கட்டும்.

வீதியின் இரண்டு பக்கமும் மாடு மேயும் நிலம். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து சித்தாண்டியில் வீதியோரம் இருந்து போராடியதை நீங்கள் அங்கிருந்தே கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அந்த மாடுகளின் பாலில்தான் எங்கள் தயிர் முட்டிகள் நிறைகின்றன. ஜீப்பை வீதியை விட்டு இறக்கி மேய்ச்சல் தரைக்குள் விட்டு ‘சாகசம்’ காட்டாதீர்கள். பட்டிக்காரரிடம் கேட்டுவிட்டு, அவர்களுடைய பட்டியடியில் வண்டியை நிறுத்துங்கள். பால் காய்ச்சித் தருவார்கள், அதற்குக் காசு கொடுங்கள். காட்டில் யானை எங்கே நிற்கிறது என்று உங்கள் கைப்பேசிக்குத் தெரியாது, பட்டிக்காரருக்குத் தெரியும்.

அந்த மலையில் இன்னொரு பாரமும் இருக்கிறது. அதைத் தொடாமல் எழுதினால் நான் பொய்யனாவேன். 2007 ஜூலையில் படையினர் குடும்பிமலையைப் பிடித்தார்கள். கிழக்கில் பெரிய சண்டை அதோடு முடிந்தது. அதற்கு முன்னால் அந்தக் காடும் அடிவாரமும் எத்தனையோ பேரை விழுங்கியிருக்கிறது. இந்த மாவட்டத்தில் அந்த மலைப்பக்கம் போய்த் திரும்பாத பிள்ளையை நினைத்திருக்கும் தாய்மார் தமிழ் வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே விழுந்த சிங்களப் பிள்ளைக்கும் ஒரு தாய் தெற்கில் எங்கோ இருக்கிறாள். துவக்குக் கதையைத் தீனியாக்கி ஆட்களைக் கூட்டாதீர்கள். வந்தவர் கேட்டால் தெரிந்ததைச் சுருக்கமாக, மரியாதையாகச் சொல்லுங்கள். பழைய பதுங்குகுழியில் ஏறி நின்று படம் எடுக்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2017இல் மட்டக்களப்பைக் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவித்தார்கள். என்றாலும் நடந்து பழகிய பாதையை விட்டு ஒருவரையும் இறங்க விடாதீர்கள். இராணுவத்திடம் கேட்கவேண்டியது எது, வனத் திணைக்களத்திடம் எடுக்கவேண்டியது எது என்று கிரான் பிரதேச செயலகத்தில் விசாரித்து, எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அந்த நாள் எப்படி இருக்கவேண்டும் என்று என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். விடிய முன்னம் கல்குடாவிலிருந்து புறப்படுதல். தேத்தண்ணியும் பிட்டும் கிரானில். வெயில் ஏறுமுன் மலையில் ஏறி, எட்டரை ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் ஆளை வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். உங்களில் கட்டட வேலை செய்தவர்கள் அந்த இரண்டரை மணித்தியாலத்தின் அருமையை அறிந்தவர்கள். அதே விதியை இங்கேயும் நீங்களாகவே போட்டுக்கொள்ளுங்கள். கூட்டிப்போகும் எங்கள் பிள்ளைக்கும் வரும் ஆளுக்கும் அது பொது. இறங்கி வந்து ஒரு குளக்கட்டில் மரநிழல் பார்த்துச் சாப்பாடு. வெயில் தணியும் மட்டும் படுக்கட்டும். இந்தக் காலத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத சாமான் அது.

பின்னேரம் வாழைச்சேனை வாவியில் தோணி. கண்டல் மரங்களுக்குள்ளால் மெதுவாகத் துடுப்புப் போட்டுப் போனால் போதும், மோட்டார் வேண்டாம். பிறகு கல்குடா மணல். கரைவலை இழுக்கும் காலமென்றால் வலைக்காரரோடு முதலே பேசிவைத்து, வந்தவர்களைக் கயிற்றில் பிடிக்கவிடுங்கள். அரை மணித்தியாலம் கயிறு இழுத்தால் கை எரியும், முதுகு நோகும், கடைசியில் மடி கரைக்கு வரும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் துடிப்பு வெள்ளைக்காரருக்கும் வரும். மணலில் சாகசம் வேண்டும் என்றால் அது போதுமான சாகசம். அன்றைக்கு மடியில் மீன் இல்லாவிட்டால் வலைக்காரருக்கு நட்டம் வரக்கூடாது, கயிற்றில் பிடித்ததற்கென்று அவர்களுக்கு ஒரு காசு முதலிலேயே பேசிக் கொடுங்கள். தீ மூட்டுவதானால் கொடி இல்லாத ஈரமணலில் சின்னதாக. வெளிச்சத்தைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள், ஆமை திரும்பிப் போய்விடும்.

சமையலைப் பற்றித் தங்கச்சிமாரிடம் தனியாகச் சொல்லவேண்டும். டுபாயில் அந்த ஒருநாள் பயணத்தின் ஆட்களை ஏற்றி இறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். இதே ஊரில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு வந்து வருசக்கணக்காக இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த மலையையும் மணலையும் கண்ணால் கண்டிருப்பார்கள் என்று. வாரலீவு என்பது தம்பிமாருக்கு. வீட்டுக்குள் வேலைசெய்த தங்கச்சிக்கு அந்த வீட்டுக்காரர் வெளிக்கிட்டால்தான் வெளியுலகம், அதுவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. அரபுச் சமையலும் தெரிந்து, நாலு மொழி விளங்கி, பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு வைக்கும் கைகளோடு நீங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் நீங்கள் சட்டி கழுவுகிறவர்களாக இருக்கக்கூடாது. பங்காளிகளாக இருங்கள். நண்டும் கணவாயும் குரக்கன் பிட்டும் தயிரும் பாணியும் உங்கள் விலையில் விற்கட்டும். வழிகாட்டியாக வர விரும்பினால் வாருங்கள், மலை ஏறுவதற்கு ஆண் பெண் இல்லை. உங்கள் பேரில் பங்கு எழுதாமல் தொடங்கும் எந்தச் சங்கத்திலும் நான் சேரமாட்டேன் என்று தம்பிமாருக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்.

காசைப் பற்றியும் ஒரு சொல். அங்கே நான் ஓட்டிய வண்டிக்குள் இருந்த ஆள் எவ்வளவு கொடுத்து வந்தார், அதில் எனக்கு எவ்வளவு வந்தது என்பது எனக்குத் தெரியும். நடுவில் விடுதி மேசைக்காரர், ஏஜென்ட், கம்பனி என்று கை மாறி மாறி வந்து கடைசியில் மணலில் நிற்பவனுக்குச் சில்லறை. இங்கேயும் ஒரு விடுதியின் மேசையில் உங்களுடைய பயணத்தை ஒப்படைத்தால் அதே கதைதான். உங்கள் பயணத்தை நீங்களே விற்கப் பாருங்கள். உதயதேவி ரயிலில் வந்து கல்குடா ஸ்டேசனில் முதுகில் பையோடு இறங்கும் பிள்ளைகள், ஊருக்குள் வீடுகளில் வாடகைக்குத் தங்குபவர்கள், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரும் எங்கள் நாட்டு ஆட்கள், இவர்கள்தான் உங்களுடைய முதல் வாடிக்கையாளர்கள். விடுதிக்காரர் பிறகு தானாக வருவார்.

குவாட் வண்டிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் காசில், நல்ல ரயர் போட்ட பழைய வான் ஒன்று வாங்கலாம், முதலுதவிப் பெட்டியும் ஸ்ட்ரெச்சரும் வாங்கலாம், நாலு பேரைச் சுற்றுலா அதிகார சபையின் வழிகாட்டிப் பயிற்சிக்கு அனுப்பலாம். மிச்சத்தை வங்கியில் வையுங்கள், மாரியில் நாலு மாதம் ஆள் வராது. அங்கே ஒரு வண்டி புதைந்தால் இழுக்க இன்னொரு வண்டி கூடவே வரும். இங்கே மலையில் ஒருவருக்குக் கால் பிசகினால் தூக்கிக்கொண்டு இறங்க ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேரைத் தயார்பண்ணாமல் ஒரு வெள்ளைக்காரரையும் ஏற்றாதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. கல்குடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் குடும்பிமலையில் ஏறியவர்கள் எத்தனை பேர்? ஜெபல் ஜெய்ஸின் படம் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது, குடும்பிமலையின் படம் இல்லை. எங்களுக்கு அந்தப் பக்கம் போக நெடுங்காலம் வழி இருக்கவில்லை, அதற்குப் பிறகு பழக்கம் வரவில்லை. அதனால் முதல் பயணத்தைக் காசுக்குச் செய்யவேண்டாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாதி, முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் பாதி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வான் நிறைய ஏற்றுங்கள். ஆசிரியர்கள் இரண்டு பேர், பட்டிக்காரர் ஒருவர், சமையலுக்கு நீங்கள். மாரி ஓய்ந்து புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் வடிந்ததும், மாசி முடியுமுன்னம் ஒரு சனிக்கிழமை வையுங்கள். பள்ளி அதிபர்மாரோடு நான் பேசிக்கொள்கிறேன். வான் ஓட்டவும் நானே வருகிறேன், கூலி வேண்டாம், டீசலை மட்டும் நீங்கள் பாருங்கள்.

அன்புடன்,
கல்குடாவிலிருந்து உங்கள் அண்ணன்